ஆற்று நடுவில் ஒரு முகாம்: ட்ரெஷர் ஐலண்டுக்கு விடை



நம் வளாகத்தில் பாதிப் பேர் வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ அமெரிக்கா போய் வருகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சென்ற ஆண்டு நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை டெலவேர் ஆற்றங்கரைச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போனார். பின் சீட்டில் பேரன், சாரணர் சட்டையோடு. ஆற்றின் நடுவில் மரம் அடர்ந்த நீளமான தீவு ஒன்று தெரிந்தது. பாலம் கிடையாது, ஆள் நடமாட்டமும் கண்ணுக்குத் தெரியவில்லை. "தாத்தா, அதுதான் ட்ரெஷர் ஐலண்ட். அங்கே சாரணர் கேம்ப் இருந்ததாம். இப்போ இல்லை" என்றான் பேரன். ஏன் இல்லை என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஒரு கணக்கு ஏன் மூடப்பட்டது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்த பழக்கம். அங்கிருந்த மீதி நாட்களில் நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்ததைத்தான் இந்த இதழில் உங்களுக்கு எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெலவேர் ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மேற்குக் கரை பென்சில்வேனியா, கிழக்குக் கரை நியூ ஜெர்சி. இடையில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தீவுகள். அவற்றில் ஒன்றான ட்ரெஷர் ஐலண்டின் பரப்பு ஐம்பது ஏக்கருக்குச் சற்று மேல். 1913-இல் பிலடெல்பியா நகரச் சாரணர்கள் இங்கே கோடை முகாம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் சாரணர் இயக்கமே 1910-இல்தான் பிறந்தது. அப்படிப் பார்த்தால் இயக்கத்துக்கு மூன்று வயதானபோதே இந்த முகாமும் வந்துவிட்டது. அன்றைய பிலடெல்பியா ஆலைப் புகையும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த ஊர். அந்த ஊர்ப் பையன்களுக்கு ஆறு, மரம், கூடாரம், படகு, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது எல்லாமே புதுசு. படகில் ஏறித் தீவில் இறங்கிவிட்டால் அம்மாவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்த வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன புதையல் வேண்டும்?

இந்தத் தீவை மற்ற முகாம்களிலிருந்து பிரித்துக் காட்டுவது 1915-ஆம் வருடக் கோடை. அந்த வருடம் முகாமின் இயக்குநர் உர்னர் குட்மன், 24 வயது இளைஞர். அவருக்குத் துணையாக இருந்தவர் கேரல் எட்சன். முகாமுக்கு வரும் பையன்களில் சிறந்தவர்களை எப்படிக் கௌரவிப்பது என்பது இருவருக்கும் முன்னிருந்த கேள்வி. ஓட்டத்தில் முந்துகிறவனுக்குக் கோப்பை, நீச்சலில் முந்துகிறவனுக்குப் பதக்கம் என்பது எல்லா இடத்திலும் உண்டு. விறகு வெட்டுகிறவன், பாத்திரம் கழுவுகிறவன், அழுகிற சின்னப் பையனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன், இவர்களை யார் கவனிப்பது? 1915 ஜூலை 16 அன்று தீவின் காட்டுக்குள் நடந்த ஒரு சிறு சடங்கில் ஒரு சங்கம் பிறந்தது. பிற்காலத்தில் 'ஆர்டர் ஆஃப் தி ஏரோ', அதாவது அம்பின் சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான்.

இதன் விதிகளில் ஒன்றைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எந்தச் சங்கத்திலும் புது உறுப்பினரைச் சேர்ப்பது யார்? பழைய உறுப்பினர்கள்தான். கிளப் ஆனாலும் கமிட்டி ஆனாலும் அதுதான் வழக்கம். இங்கே அப்படி இல்லை. சங்கத்தில் இல்லாத பையன்களும் சேர்ந்து ஓட்டுப் போடுவார்கள். கூடவே கூடாரத்தில் படுத்தவன், கூடவே சமைத்தவன், எவன் சோம்பேறி எவன் உழைப்பாளி என்று நேரில் பார்த்தவன் தேர்ந்தெடுக்கிறான். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மட்டும் இழுத்துக்கொள்ள வழி இல்லை. (நம் சங்கத் தேர்தல் விதிகளைத் திருத்தும் உபகுழு இதைப் படிக்கும் என்று நம்புகிறேன். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.)

தேர்ந்தெடுக்கப்பட்டால் உடனே மாலை மரியாதை கிடையாது. முதலில் ஒரு சோதனை. ஒரு ராத்திரி திறந்தவெளியில் தனியாகப் படுக்க வேண்டும். மறுநாள் முழுக்கப் பேசக் கூடாது. சாப்பாடு குறைவு. நாள் பூராவும் முகாமுக்காக உடல் உழைப்பு: பாதை போடுவது, மரம் சுமப்பது, கூரை சரிசெய்வது. ஏறத்தாழ நம் வீட்டு மௌன விரதமும் ஒருபொழுதும் கோயில் உழவாரப் பணியும் ஒரே நாளில் சேர்ந்து வந்தது போல. முடித்தவனுக்குக் கிடைப்பது சிவப்பு அம்பு வரைந்த ஒரு வெள்ளைப் பட்டை, தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள. அவ்வளவுதான். இந்த எளிய ஏற்பாடு நாடு முழுக்கப் பரவி, 1948-இல் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் முழு அங்கமாயிற்று. இந்த நூறு வருடத்தில் அந்தப் பட்டையை அணிந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கெல்லாம் இந்தத் தீவுதான் பிறந்த வீடு. அங்கே ஒரு நாளும் கால் வைக்காதவர்கள்கூட அதைத் தங்கள் ஊர் போலப் பேசுவார்களாம்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கதையையும் சொல்லியாக வேண்டும். நல்லதை மட்டும் வரவு வைத்துவிட்டுப் பற்றுப் பக்கத்தை மறைத்தால் அது கணக்கு ஆகாது.

சங்கத்தின் சடங்குகளுக்குக் குட்மனும் எட்சனும் எடுத்துக்கொண்டது லெனாபி என்ற பூர்வகுடி மக்களின் பெயரையும் சாயலையும். டெலவேர் ஆற்றின் இரு கரையும் ஒரு காலத்தில் அந்த மக்களுடையது. சடங்கில் சொல்லப்படும் கதையின் நாயகர்களுக்கு இட்ட பெயர்கள் மட்டும் ஃபெனிமோர் கூப்பரின் நாவலிலிருந்து வந்தவை. அதாவது மண்ணின் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கற்பனையை வைத்து, அந்த மண்ணிலேயே ஒரு மரியாதைச் சடங்கு. சரி, அந்த மக்கள் எங்கே போனார்கள்?

1737-க்குப் போக வேண்டும். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் லெனாபிகளிடம் நியாயமாக நடந்துகொண்டவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய பிள்ளைகள் அப்படி இல்லை. 1686-இல் லெனாபிகள் எழுதிக் கொடுத்ததாக ஒரு பழைய பத்திரத்தை வெளியே எடுத்தார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தூரம்வரை உள்ள நிலம் பென் குடும்பத்துக்கு என்பது அதன் சாரம். அந்தப் பத்திரம் முறைப்படி முடிந்ததுதானா என்பதே சந்தேகம். நடை என்றால் நம்மைப் போலக் காலை நடை என்று லெனாபிகள் நினைத்தார்கள். பென் தரப்பினர் முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டி வைத்து, வேகமாக நடக்கக்கூடிய மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். செப்டம்பர் 19 அன்று விடியற்காலை மூவரும் கிளம்பினார்கள். இருவர் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். மூன்றாமவர் எட்வர்ட் மார்ஷல் மட்டும் மறுநாள் மதியம்வரை தாக்குப்பிடித்து அறுபத்தைந்து மைலுக்குக் குறையாமல் கடந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து ஆற்றுக்குக் கோடு போட்டபோதும் தங்களுக்குச் சாதகமாகச் சாய்த்துப் போட்டார்கள். லெனாபிகள் இழந்தது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். வரலாற்றில் இதற்கு 'நடைக் கிரயம்' என்று பெயர். ரெஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் நிற்காமலே நடந்த மோசடி.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த எட்வர்ட் மார்ஷல் பிற்காலத்தில் குடியிருந்தது இந்தத் தீவுப் பகுதியில்தான். மார்ஷல் தீவு என்ற பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. நடந்ததற்குக் கூலியாக அவருக்கு 500 ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் கைக்கு வரவில்லை. ஏமாற்றியவர்களுக்காக ஓடியவரையும் ஏமாற்றிவிட்டார்கள். லெனாபி வழிவந்தவர்கள் 2004-இல் அந்த நிலத்தில் ஒரு சிறு பகுதியைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஏமாற்று நடந்திருந்தாலும் உரிமை அப்போதே போய்விட்டது என்கிற தோரணையில் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன.

தீவில் சடங்கு நடத்திய பையன்கள் இதற்குப் பொறுப்பா? இல்லை. அவர்களில் பலருக்கு இது தெரிந்தே இருக்காது. ஆனால் 2008-இல் அந்த முகாமை விட்டுப் பிரிந்தவர்களின் கண்ணீரைப் பற்றிப் படிக்கும்போது, அதே ஆற்றங்கரையை முன்பே விட்டுப் போனவர்களை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். டெலவேரின் முக்கிய ஓட்டத்தில் குறுக்கே ஓர் அணைகூடக் கிடையாது. மேலே மழை பெய்தால் அப்படியே இறங்கி வரும். 1955 ஆகஸ்டில் கானி என்ற புயலும், ஒரு வாரத்துக்குள் டயான் என்ற புயலும் அடுத்தடுத்து வந்தன. முதல் மழையில் ஊறிப் போயிருந்த பூமி இரண்டாம் மழையை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஆறு அதுவரை யாரும் பார்த்திராத உயரத்துக்கு ஏறியது. முகாம் பருவம் அது. தீவுகளில் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர். படகு விடவே முடியாத வேகத்தில் தண்ணீர். ஹெலிகாப்டர்களை வரவழைத்துப் பிள்ளைகளைத் தீவுகளிலிருந்து தூக்கிக் கரை சேர்த்தார்கள். அதே வெள்ளத்தில் மேலே புராட்ஹெட் என்ற ஓடைக்கரையில் இருந்த ஒரு கோடைக் குடியிருப்பில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தாய்மாரும் குழந்தைகளும், ஒரே இரவில் போய்விட்டார்கள். தீவில் பிள்ளைகள் தப்பியதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் டாக்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில் பெரிய அணை கட்டத் தீர்மானித்தது. 1962-இல் ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக இருந்த பண்ணைகளையும் வீடுகளையும் விட்டு வெளியேறினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. செலவும் ஏறிக்கொண்டே போயிற்று. 1975-இல் ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு மாநிலங்களில் மூன்று வேண்டாம் என்று ஓட்டுப் போட, அணை கைவிடப்பட்டது. வெளியேறியவர்களின் நிலம் தேசியப் பூங்காப் பகுதியாயிற்று. அணையும் வரவில்லை, போனவர்கள் திரும்பவும் இல்லை. கீழே நம் சாரணர் தீவு பழையபடி ஆற்றின் தயவில்.

ஐம்பது வருடம் ஆறு பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு செய்தது பாருங்கள்: 2004 செப்டம்பரில் ஐவன் புயலின் மிச்சம், 2005 ஏப்ரலில் கோடையே தொடங்காத நேரத்தில் ஒரு மழை, 2006 ஜூன் கடைசியில் இன்னொன்று. இருபத்திரண்டு மாதத்துக்குள் மூன்று பெரு வெள்ளம். அதில் பின்னிரண்டும் ஆற்றின் பல இடங்களில் 1955-க்குப் பிறகு கண்ட மிகப் பெரியவை.

2015 டிசம்பரில் நம் பேஸ்மென்ட் நிலைமை நினைவிருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்ப்பில் சாக்கடை, லிஃப்ட் குழியில் தண்ணீர், ஜெனரேட்டர் போச்சு. பழுது பார்க்க வசூலித்த சிறப்புத் தொகைக்கு நடந்த பொதுக்குழுவில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது ஒரு முறை. ஒரு முறை சரிசெய்து முடித்து மூச்சு விடுவதற்குள் இரண்டாவது, அது முடிவதற்குள் மூன்றாவது என்று வந்திருந்தால்? அதுவும் ஒவ்வொரு பலகையையும் ஆணியையும் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய தீவில்?

அப்போது தீவுக்குச் சொந்தக்காரர் 'கிரேடில் ஆஃப் லிபர்ட்டி' என்ற சாரணர் கவுன்சில். பிலடெல்பியா கவுன்சிலும் பக்கத்து வேலி ஃபோர்ஜ் கவுன்சிலும் 1996-இல் இணைந்து உருவானது. இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்கு வந்தால் இரண்டு கிரைண்டர் இருக்கும் அல்லவா? இவர்களிடமும் சாலை வழியாகவே போகக்கூடிய வேறு முகாம்கள் இருந்தன. மறுபக்கம், கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகளோ முந்தைய தலைமுறையைப் போல இல்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் கோடையில் நூறு வகுப்பு இருக்கிறதே. கவுன்சில் யோசித்தது. 2008 கோடைதான் கடைசி. 1913-இலிருந்து கணக்கிட்டால் தொண்ணூற்றைந்து வருடம்.

பழைய சாரணர்கள் கொதித்தார்கள். அவர்கள் வாதத்தை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒரு இயக்கம் தன் பிறந்த வீட்டை விற்றுவிட்டு எந்த முகத்தோடு பிள்ளைகளுக்குப் பாரம்பரியம் கற்பிக்கும்? கவுன்சிலின் பக்கம்: நினைவுகள் பராமரிப்புக் கட்டணம் கட்டாது. அடுத்த வெள்ளம் 1955 போல முகாம் நடக்கும்போது வந்தால் யார் பதில் சொல்வது?

நான் கவுன்சில் மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்தேன். கடன் விண்ணப்பங்களைப் படித்த கண்ணுக்கு, மூன்று வெள்ளம் கண்ட சொத்துக்கு நான்காவது முறை பணம் போடச் சொல்ல வாய் வராது. மூடச் சொல்லித்தான் குறிப்பு எழுதியிருப்பேன். எழுதிவிட்டு அன்று மதியம் சாப்பாடு இறங்கியிருக்காது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தொண்ணூற்றைந்து வருடத்தில் அந்தத் தீவுக்கென்று தனியாக ஒரு நிலையான நிதி போதிய அளவு சேர்ந்திருந்தால், நம் மொழியில் கார்பஸ் ஃபண்ட் இருந்திருந்தால், பேச்சே வேறாக இருந்திருக்கும். பாசமுள்ளவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பாசம் இருக்கிற இடத்தில் ரசீதுப் புத்தகம் நீட்ட எல்லோருக்கும் கூச்சம். அது நம்மிடமும் உண்டு.

ட்ரெஷர் ஐலண்ட் மூடியது தனிக் கதை என்றால், அதற்குப் பின் வந்தது பெருங்கதை. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை இழைக்கப்பட்டது வெளிவந்து, 2020 பிப்ரவரியில் தேசிய அமைப்பு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிற்று. இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 82,000-க்கும் மேல். 246 கோடி டாலர் அளவில் தீர்வுத் திட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்க் கவுன்சில்களும் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது என்ன? முகாம் நிலங்கள். நாட்டின் பல மாநிலங்களில் ஏரிக்கரை முகாமும் மலையடி முகாமும் விற்பனைக்கு வந்தன.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது விற்பனையை எதிர்த்து எழுதியவர்களின் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர்களோடு சேர முடியவில்லை. ஒரு முகாமில் ஒரு பையன் நட்சத்திரம் பார்க்கக் கற்றான். அதே போன்ற இன்னொரு முகாமில் இன்னொரு பையனுக்கு நடந்ததை அவன் ஐம்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சாதாரணமாகத் திவால் வழக்கில் கடன்காரர் என்றால் வங்கியும் சப்ளையரும். இங்கே கடன்காரர் அந்தப் பிள்ளை. அவருக்கு முன்னால் வேறு எந்த வரிசையும் கிடையாது. நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும் என்றால் விற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் என் பேரனிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்பது வயது. வெள்ளம் வந்த கதையையும், ஹெலிகாப்டர் வந்த கதையையும், வெளியாட்களும் ஓட்டுப் போடும் சங்கத்தையும் சொன்னேன். மார்ஷல் நடந்த கதையைச் சொன்னபோது, "அது சீட்டிங் தாத்தா" என்றான். மற்றது அவன் வளர்ந்த பிறகு. அவன் அம்மா முகாமுக்கு அனுப்பும் முன் என்னென்ன கேட்க வேண்டுமோ அதை அவளிடம் தனியாகப் பேசினேன். பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறதாம். அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

தீவு இப்போது சாரணர் கவுன்சிலின் சொத்து அல்ல. ஆனால் கரையிலிருந்து பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் நியூ ஜெர்சிப் பக்கம் இருந்தால், ஃபிரெஞ்ச்டவுன் என்ற சிற்றூருக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து தெற்கே ஆற்றோடு ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. பழைய ரயில் தடத்தைச் சமப்படுத்திப் போட்டது. மேடு பள்ளம் இல்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கும் சரிப்படும். இலை உதிர்ந்த நவம்பர் மாதம் நல்லது. தீவு மரங்களுக்கிடையே தெளிவாகத் தெரியும். நான் இரண்டாம் முறை போனபோது பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். தண்ணீர் குறைவாக இருந்தது. தீவின் ஓரத்து மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே பழைய வெள்ளம் கொண்டுவந்த குப்பை இன்னும் சிக்கியிருந்தது.